உம்மணாமூஞ்சி ஒரு சுபாவமா, வியாதியா?

எங்கள் வீட்டுப் பின்சுவர் மண்மேட்டை ஒட்டி நிற்கிறது. கோத்தகிரிப் பக்கம் பாதி வீடுகள் அப்படித்தான், சரிவை வெட்டித்தான் இங்கே வீடு கட்ட முடியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தச் சுவரில் ஓதம் ஏறும். கூரை ஒழுகினால் அன்றைக்கே ஆள் கூப்பிடுவோம், வாளி வைப்போம், வீடே அமளியாகிவிடும். ஓதத்துக்கு யாரும் ஆள் கூப்பிடுவதில்லை. பெயிண்ட் உப்பும், காலண்டருக்குப் பின்னால் பூஞ்சை பிடிக்கும், அலமாரியை ஒரு சாண் முன்னால் இழுத்துப் போடுவோம், அவ்வளவுதான். அப்படியே ஏழு வருஷம் குடித்தனம் நடத்தலாம். நாங்கள் நடத்தினோம்.

எனக்கு இருப்பது நீடித்த மனச்சோர்வு, இதற்கு டிஸ்தைமியா என்றும் பேர் உண்டு என்று டாக்டர் சொன்னபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்தச் சுவர்தான். ஏனென்றால் நான் அவரிடம் மனச்சோர்வுக்காகப் போகவே இல்லை. அசதி என்று போனேன். அதற்கு முன்னால் இரண்டு வருஷம் வேறொரு கிளினிக்கில் அதே அசதிக்குச் சத்து ஊசி போட்டுக்கொண்டிருந்தேன், ஊசி போட்ட அன்றைக்குக் கொஞ்சம் தெம்பாக இருப்பது போலத் தோன்றும், மறுநாள் பழைய கதை. மனச்சோர்வு என்றால் நான் நினைத்து வைத்திருந்தது வேறு: கதவைச் சாத்திக்கொண்டு அழுவது, சாப்பிடாமல் கிடப்பது, வேலையை விடுவது. நான் இதில் எதையுமே செய்ததில்லை. பசுந்தேயிலை வாங்கித் தூள் போடும் ஒரு ஃபேக்டரியில் பதினாறு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன், மாதக் கணக்கு ஒருநாள்கூடத் தாமதமானதில்லை. சந்தோஷம்தான் இல்லை, அதை நான் ஒரு குறையாகவே எண்ணியதில்லை, சின்ன வயசிலிருந்து வீட்டில் எனக்கு உம்மணாமூஞ்சி என்று பேர். என் அப்பாவுக்கும் அதே பேர் இருந்தது. மூக்கு எப்படி வந்ததோ அப்படி இதுவும் வந்தது என்று விட்டுவிட்டேன்.

டாக்டர்கள் இதற்கு வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது. பெரியவர்களுக்கு இரண்டு வருஷம், பிள்ளைகளுக்கு ஒரு வருஷம். அந்தக் காலத்தில் பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி மனம் தாழ்ந்தே கிடக்க வேண்டும். கூடவே பசி குறைவது அல்லது அளவுக்கு மீறித் தின்பது, தூக்கம் கெடுவது அல்லது தூங்கித் தீர்ப்பது, சோர்வு, தன்னைப் பற்றி மட்டமான எண்ணம், கவனம் நிற்காமல் எதையும் முடிவெடுக்கத் திணறுவது, எதிலும் நம்பிக்கை இல்லாமை, இந்த ஆறில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். இடையில் தொடர்ந்து இரண்டு மாதத்துக்கு மேல் இதெல்லாம் இல்லாமல் இருந்திருக்கக் கூடாது. கடைசி வரியில்தான் நான் மாட்டிக்கொண்டேன். “கடைசியா எப்போ ரெண்டு மாசம் சேர்ந்தாப்ல நல்லா இருந்தீங்க?” என்று டாக்டர் கேட்டார். யோசித்தேன், யோசித்தேன், பிளஸ் டூ லீவுதான் ஞாபகம் வந்தது.

சுபாவமா வியாதியா என்ற குழப்பம் நம் வீட்டில் மட்டும் இருந்தது என்று நினைக்க வேண்டாம், மனநல மருத்துவத்துக்குள்ளேயே ரொம்ப நாள் இருந்திருக்கிறது. 1980-க்கு முன்னால் அமெரிக்க மனநல மருத்துவர்கள் இதை நியூரோசிஸ் கணக்கில் வைத்திருந்தார்கள், ஆளின் குணத்திலேயே ஊறிப்போனது, மாத்திரைக்கு அசையாது, வருஷக்கணக்காகப் பேசித்தான் பார்க்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டவர்கள் பலர். ஹகோப் அகிஸ்கால் என்ற மருத்துவர் அப்படிக் ‘குணக்கோளாறு’ என்று முத்திரை குத்தப்பட்டவர்களை எடுத்துப் பார்த்தபோது, அவர்களில் ஒரு பகுதியினருக்கு மனச்சோர்வு மாத்திரை வேலை செய்வதையும், அவர்களுடைய தூக்கப் பதிவு கடும் மனச்சோர்வு நோயாளிகளுடையதைப் போலவே இருப்பதையும் கண்டார். அதே 1980-ல் வந்த புதிய நோய்ப் பட்டியலில் டிஸ்தைமியா தனி வியாதியாக, மனநிலைக் கோளாறுகளின் வரிசையில் இடம்பிடித்தது. 2013-ல் மறுபடி மாற்றினார்கள், வருஷக்கணக்கில் இழுக்கும் கடும் மனச்சோர்வையும் இதோடு சேர்த்து ஒரே பேரில் போட்டார்கள். லேசானது, கடுமையானது என்று பிரிப்பதைவிட எத்தனை நாளாக இருக்கிறது என்பதே முக்கியம் என்பது அந்த மாற்றத்துக்குப் பின்னால் இருந்த யோசனைகளில் ஒன்று. எனக்கு இது நியாயமாகப் படுகிறது.

ஏனென்றால் ‘லேசான’ என்ற சொல்தான் ஆளைக் கெடுக்கிறது. சுகரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு 450 ஏறினால் ஆம்புலன்ஸ் வரும். இன்னொருவருக்குப் பத்து வருஷமாக 190-லேயே நிற்கிறது, அவர் டீயில் ஒரு ஸ்பூன் குறைத்துவிட்டு நடமாடிக்கொண்டிருப்பார், கண்ணும் கிட்னியும் தன் பாட்டுக்குக் கெட்டுக்கொண்டிருக்கும். இந்தச் சோர்வும் அந்த ரகம். கல்யாணம், சிநேகிதம், வேலையில் அடுத்த படி, எல்லாவற்றையும் சத்தமில்லாமல் அரிக்கும். அதோடு இந்த அடித்தளத்தின்மேல் கடும் மனச்சோர்வும் வந்து ஏறிக்கொள்ளும், டிஸ்தைமியா உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது நடக்கிறது, இரட்டை மனச்சோர்வு என்பார்கள். அது இறங்கியதும் பழைய மந்தநிலைக்குத் திரும்பியதையே ‘குணமாயிருச்சு’ என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். செத்தால் தேவலை என்ற எண்ணம் ஒருமுறையாவது நின்று நிதானமாக வந்து போகிறது என்றால், அது பொறுத்துப் பார்க்கும் கட்டமில்லை. 14416-க்குப் போன் போடலாம், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

சரி, ஏன் வெளியே தெரிவதில்லை? ஃபேக்டரியில் நடக்கிற ஒரு விஷயத்தைச் சொன்னால் புரியும். மழைநாளில் இலை நனைந்து வரும். எடை போடும்போது தண்ணிக்கு என்று இத்தனை கிலோ கழித்துவிட்டுத்தான் கணக்கில் ஏற்றுவோம். விவசாயி முணுமுணுப்பார், சில நாள் சண்டையே போடுவார், கழிவு கழிவுதான். நான் என் விஷயத்தில் வெயில் நாளிலும் இந்தக் கழிவைப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆடிட்டர் வந்து “உங்க கணக்குல ஒரு தப்புகூட இல்லைங்க” என்றால், அவர் அவசரத்தில் சரியாகப் பார்த்திருக்க மாட்டார் என்று கழிப்பேன். மகள் படம் வரைந்து அப்பாவுக்கு என்று கொடுத்தால், அம்மா சொல்லிக் கொடுத்திருப்பாள் என்று கழிப்பேன். நாள் முடிவில் கையில் ஒன்றும் நிற்காது. வேலை பாதிக்கவில்லை, ஏனென்றால் வேலைக்குச் சந்தோஷம் தேவைப்படவில்லை, பழக்கம் போதும். இலை பறிக்கிற ஒரு அக்காவிடம் இதைச் சொன்னபோது, “கை தன்னால ஓடும் தம்பி, மனசு மட்டும் எங்கயோ நிக்கும்” என்றார். அவருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது. பெண்களுக்கு மனச்சோர்வு ஆண்களைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வருகிறது, ஆனால் அடுப்பு அணையாதவரை அதையும் யாரும் கவனிப்பதில்லை.

மலையில் இருப்பவனுக்கு இன்னொரு தொல்லை உண்டு. “உங்களுக்கென்ன, சொர்க்கத்துல இருக்கீங்க” என்று சீசனுக்கு வருகிறவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டுப் போவார்கள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரன் இந்த மலைக்கு வந்ததே கீழே உடம்பு கெட்டு, மேலே வந்து தேற்றிக்கொள்ளத்தான். அந்தப் பேர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தேறுவதற்கென்றே பேர்போன ஊரில் பிறந்தவன் எனக்குத் தேறவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

இதற்கு நேர் எதிராக, எல்லாவற்றுக்கும் காரணம் இந்த மிஸ்ட்டு, அதாவது மூடுபனிதான் என்பவர்களும் இருக்கிறார்கள். நானும் அதைக் கொஞ்ச நாள் பிடித்துக்கொண்டிருந்தேன், பழி போட வசதியான ஆள். குளிர்காலத்தில் மட்டும் வரும் மனச்சோர்வு என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, நார்மன் ரோசன்தால் குழுவினர் 1984-ல் அதை விவரித்தார்கள். ஆனால் அது பகல்பொழுது சுருங்கிவிடும் வடக்கு நாடுகளில் அதிகம். லண்டனில் டிசம்பர் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை, ஜூனில் பதினாறரை மணி நேரத்தைத் தொடும். நீலகிரி பூமத்திய ரேகையிலிருந்து பதினோரு டிகிரிதான், இங்கே மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம்கூடக் கிடையாது. அதனால் அந்தக் கதை இங்கே அப்படியே பொருந்தாது. மிஸ்ட்டு செய்வது வேறு வேலை. ஆளை வீட்டுக்குள் உட்கார வைக்கிறது. நாலு மணிக்கே கதவைச் சாத்துகிறோம், பக்கத்து வீடு நூறடி கீழே, இருட்டில் கரடி, காட்டெருமை பயம் வேறு, பிள்ளைகள் வேலைக்குக் கோயம்புத்தூர், திருப்பூர் என்று இறங்கிவிட்டார்கள், மிச்சம் டிவியும் போனும். வீட்டு ட்யூப்லைட் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான் இருக்கும், மேகம் மூடிய பகலில்கூட வெளியே சில ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். அதாவது மிஸ்ட்டில் நடப்பது உள்ளே உட்கார்வதைவிடப் பல மடங்கு வெளிச்சம்.

அப்புறம் காசு. தேயிலை வாரியம் மாதாமாதம் பசுந்தேயிலைக்குச் சராசரி விலை அறிவிக்கும், அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் அந்த மாத மளிகையையும் ஸ்கூல் ஃபீஸையும் யோசிப்பார்கள். 1990-களின் கடைசியில் விலை சரிந்ததைப் பற்றி இன்றைக்கும் நேற்று நடந்தது போலப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் சேர்ந்த குடும்பங்களுக்கு, ரிட்டயர்டு ஆனால் லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கே போவது என்ற கவலை. இந்த மாதிரி முடிவே தெரியாத கவலைகள் நீடித்த சோர்வுக்கு நல்ல உரம். சின்ன வயசில் பட்ட அடி, புறக்கணிப்பு, குடும்பத்தில் ஏற்கெனவே இருந்த மனச்சோர்வு, இவையும் பங்கு போடுகின்றன. எது எத்தனை பங்கு என்று ஒரு ஆளை உட்கார வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. இலை விலை ஏறினால் எனக்குச் சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன், ஏறிய வருஷத்தில் ஒன்றும் மாறவில்லை என்பதைக் கவனிக்கவே எனக்கு அடுத்த வருஷம் ஆகிவிட்டது.

குளிருக்கு ஒரு கட்டிங் என்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மலையில் இதுதான் நிறையப் பேருடைய மருந்து. முதல் ஒரு மணி நேரம் இறுக்கம் தளரும். பின்னிரவில் தூக்கத்தை உடைக்கும், மறுநாள் மனசை இன்னும் கீழே தள்ளும். மாத்திரை சாப்பிடுகிறவர் குடித்தால் மாத்திரை பாவம், என்னதான் செய்யும்?

எனக்கு முதலில் ரத்தம்தான் எடுத்தார்கள். தைராய்டு குறைந்தாலும், ரத்தச்சோகை இருந்தாலும், பி12 குறைந்தாலும் இதே அசதி, இதே மந்தம் வரும். அதைப் பார்க்காமல் மனசு என்று முடிவுகட்டுவதும் தப்பு, அதை மட்டும் பார்த்து ‘எல்லாம் நார்மல், உங்களுக்கு ஒண்ணுமில்ல’ என்று அனுப்புவதும் தப்பு. இரண்டாவது தப்புதான் அதிகம் நடக்கிறது என்பது என் அபிப்பிராயம். தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, இருபது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் மனச்சோர்வு வந்திருப்பதாகச் சொன்னது. அப்படிப்பட்டவர்களில் நூற்றுக்கு 85 பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்றும் சொன்னது.

சிகிச்சை என்று பார்த்தால், நீடித்த மனச்சோர்வுக்கென்றே செய்த ஆய்வுகளில் 2000-ல் வெளியானது ஒன்று முக்கியமானது. 681 பேர், பன்னிரண்டு வாரம். ஒரு கூட்டத்துக்கு மாத்திரை மட்டும், ஒரு கூட்டத்துக்குப் பேச்சுச் சிகிச்சை மட்டும், இன்னொன்றுக்கு இரண்டும். தனித்தனியாக எடுத்தவர்களில் இரு பக்கமும் நூற்றுக்கு 48 பேருக்குப் பலன் தெரிந்தது, இரண்டும் சேர்த்து எடுத்தவர்களில் 73. அதில் கொடுத்த நெஃபாசடோன் என்ற மருந்து பிற்பாடு ஈரலைக் கெடுக்கிறது என்று பல நாடுகளில் விற்பனையிலிருந்து போய்விட்டது. ஆனால் இரண்டையும் சேர்த்தால் பலன் கூடும் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது.

அதில் கையாண்ட பேச்சுச் சிகிச்சை ஜேம்ஸ் மெக்கல்லோ என்ற உளவியலாளர் நீடித்த மனச்சோர்வுக்காகவே உருவாக்கியது. அவருடைய கணிப்பு என்னவென்றால், நீண்டநாள் சோர்ந்தவனுக்குத் தான் செய்வதற்கும் தனக்கு நடப்பதற்கும் தொடர்பு இருப்பதே தெரியாமல் போய்விடுகிறது. எல்லாம் அதுபாட்டுக்கு நடக்கிறது, நம்மால் ஆவது ஒன்றுமில்லை. அதனால் ஒரே ஒரு சின்னச் சம்பவத்தை எடுத்து, என்ன நடந்தது, நான் என்ன நினைத்தேன், என்ன செய்தேன், எனக்கு என்ன வேண்டியிருந்தது, அது கிடைத்ததா என்று வரிசையாகக் கேட்க வைப்பார்கள். மலையில் இதைப் பயிற்சியாகச் செய்பவர்கள் கிடைப்பது கஷ்டம். என் டாக்டர் அதன் சாயலில் ஒரு நோட்டுப் போடச் சொன்னார், கணக்குப்பிள்ளைக்கு நோட்டு என்றால் சொல்லவா வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. மார்க்கெட்டில் முட்டைக்கோஸ் பொறுக்கிக்கொண்டிருந்தேன், என்னோடு படித்தவன் ஜீப்பில் போனான், நிறுத்தவில்லை. என்ன நினைத்தேன்? நம்மை எவன் மதிக்கிறான். என்ன செய்தேன்? அவன் ஜீப்பைப் பார்த்த நொடியே குனிந்து முட்டைக்கோஸைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். என்ன வேண்டியிருந்தது? அவனோடு ஒரு டீ. கிடைத்ததா? எப்படிக் கிடைக்கும், அவனுக்குத் தெரிந்தது என் முதுகுதானே. இதை எழுதிப் பார்த்தபோது ரொம்ப நாளைக்கப்புறம் சிரிப்பு வந்தது. அடுத்த வாரம் கையைத் தூக்கினேன், நிறுத்தினான், டீ குடித்தோம், அவனுக்கு மூட்டுவலியாம், அரை மணி நேரம் அதையே பேசினான். பெரிய ஆனந்தம் எல்லாம் இல்லை. ஆனால் நான் கையைத் தூக்கினேன், ஜீப் நின்றது.

மனசு வந்தப்புறம் செய்யலாம் என்று காத்திருப்பதுதான் இந்த வியாதியின் பெரிய பொறி. மனசு வராது. முதலில் காலை எடுத்து வைக்க வேண்டும், மனசு பின்னால் வந்தால் வரும். இதையே முறையாகச் செய்யும் சிகிச்சையை நம் நாட்டிலேயே சோதித்திருக்கிறார்கள். கோவாவில் விக்ரம் பட்டேல் குழுவினர், மனநலப் படிப்பு எதுவும் இல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்பச் சுகாதார நிலையங்களில் 495 நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள், பாதிப்பேருக்கு ஆறிலிருந்து எட்டு அமர்வு, மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. 2017-ல் முடிவு வந்தது, மூன்று மாதத்தில் இந்தப் பக்கம் நூற்றுக்கு 64 பேர் தேறினார்கள், அந்தப் பக்கம் 39. அது ஓரளவு கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களிடம் நடந்த சோதனை, என் ரகத்துக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் டாக்டர் பற்றாக்குறை உள்ள மலை மாவட்டத்தில் யாராவது இதைக் கையில் எடுக்க வேண்டும். சுகர், பிரஷர் பார்க்க வீடு தேடி வருகிறார்களே, கூட நாலு கேள்வி கேட்டால் குறைந்தா போகும்?

‘பாசிட்டிவா நினைங்க’ என்பதைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை எதுவும் இல்லை.

மாத்திரையில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன், நிறையப் பேர் இதே இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். முதல் முறை எஸ்சிட்டலோப்ராம் எழுதிக் கொடுத்தார், நாலு நாளில் வயிறு புரட்டியது, வாய் உலர்ந்தது, பலன் ஒன்றும் தெரியவில்லை, பத்தாம் நாள் நிறுத்திவிட்டேன். இந்த வகை மாத்திரைகளில் தொல்லை முதலில் வரும், பலன் பின்னால் வரும், சரியாகத் தெரிய நாலு வாரம், ஆறு வாரம்கூட ஆகலாம் என்பதை அவர் சொன்னாரோ, நான்தான் காதில் வாங்கவில்லையோ. இரண்டாம் முறை மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டேன், சரியாகிவிட்டது என்று நானே நிறுத்தினேன், தலைக்குள் சுளீர் சுளீரென்று ஷாக் அடித்த மாதிரி, கிறுகிறுப்பு வேறு. உடனே பக்கத்து வீட்டுக்காரர் “பாத்தியா, இதுக்கு அடிமையாயிட்ட” என்றார். சாராயத்துக்கு அடிமையாவது போன்ற விஷயம் இது இல்லை, அளவைக் கூட்டிக் கூட்டிக் கேட்கும் வேட்கை இதில் வராது, திடீரென்று நிறுத்தினால் உடம்பு தடுமாறும், அவ்வளவுதான். டாக்டர் சொல்லி வாரக்கணக்கில் குறைத்து நிறுத்த வேண்டும். நீடித்த சோர்வுக்கு ஆறு மாதத்தோடு முடிப்பதும் அபூர்வம், வருஷக்கணக்கில் தொடர்வது உண்டு.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதுதான் பின்சுவருக்கு மேஸ்திரியைக் கூப்பிட்டேன். எந்த பெயிண்ட் அடிச்சா நிக்கும் என்று கேட்டேன். அவர் சுவரைப் பார்க்கவே இல்லை, வெளியே போய் மண்மேட்டைப் பார்த்தார். “ஓதம் மண்ணுல இருக்குதுங்க சார், சுவத்துல என்ன அடிச்சு என்ன, மண்ணை ரெண்டடி தள்ளி ஒரு காவா வெட்டுங்க” என்றார். முழுசா காய்ந்துவிடுமா என்றேன். “மலையில எந்தச் சுவருங்க முழுசா காயுது” என்றார்.

நான் தேறுகிறேன் என்பது எனக்கு முன்னால் என் மனைவிக்குத்தான் தெரிந்தது. ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது அவரைக்காய் குழம்பு நல்லாயிருக்கு, இன்னைக்கு என்ன போட்ட என்று கேட்டிருக்கிறேன், எனக்கு அது ஞாபகம்கூட இல்லை. அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாளாம். கல்யாணமாகிப் பதிமூன்று வருஷத்தில் சாப்பாட்டைப் பற்றி நான் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது என்று மறுநாள் சொன்னாள். அத்தனை வருஷமும் தன் சமையலில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இந்த வியாதி வீட்டில் இருக்கிற மற்றவர்களிடமும் கழிவு போடும் என்பதை எந்தப் பட்டியலிலும் நான் பார்க்கவில்லை.

இப்போது அவளிடம் ஒரு சொந்த அளவுகோல் இருக்கிறது. மூன்று நாள் சேர்ந்தாற்போல் குழம்பைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை என்றால் நேராக வந்து நிற்பாள்.

“ஏங்க, மாத்திரை போடுறீங்களா இல்லையா?”

போன மாதம் அப்படிக் கேட்டாள். போட்டுக்கொண்டுதான் இருந்தேன், குழம்பில்தான் உப்பு இல்லை.